ஆராய்ச்சி மணியும் நீதி உணர்வும்

நீதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவன அரசனும் செங்கோலும், நீதிபதியும் சட்டப் புத்தகமுமே. ஆனால் அரசனைக் கண்டிராத, சட்டம் என்ற பெயரையே கேட்டிராத நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அதன் கண்ணெதிரே பக்கத்துக் குழந்தைக்கு நான்கு மிட்டாய்களைக் கொடுத்துப் பாருங்கள். அது முகம் சுளிக்கும், அழும், கையிலிருந்த ஒன்றையும் வீசி எறிந்தாலும் வியப்பில்லை. இந்தக் கோபத்தை அக்குழந்தைக்குக் கற்பித்தவர் யார்? தாயா, தந்தையா, பள்ளியா, கோயிலா?

நியாயம், அநியாயம் என்ற உணர்வு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்பது மிகப் பழைய கேள்வி. சமயமும் தத்துவமும் நெடுங்காலம் ஆராய்ந்த இக்கேள்வியை அண்மையில் விஞ்ஞானமும் கையில் எடுத்திருக்கிறது. விஞ்ஞானம் கண்ட விடையையும், நம் முன்னோர் கதையாகவும் கல்வெட்டாகவும் நமக்கு விட்டுச் சென்ற விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

குரங்கும் குழந்தையும்

சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இரு ஆய்வாளர்கள் கபுச்சின் எனப்படும் சிறு குரங்குகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆய்வாளர் கொடுத்த சிறு கல்லைக் குரங்கு திருப்பிக் கொடுத்தால் அதற்குக் கூலியாக ஒரு வெள்ளரித் துண்டு கிடைக்கும். பக்கத்துக் குரங்கும் வெள்ளரியே பெற்ற வரையில் வேலை ஒழுங்காக நடந்தது. அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்கு இனிய திராட்சையைப் பெறத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வெள்ளரி பெற்ற குரங்கு பல தடவை கல்லைக் கொடுக்கவோ கூலியை ஏற்கவோ மறுத்தது. சிறிது நேரத்துக்கு முன் விரும்பித் தின்ற அதே வெள்ளரிதான். ஆனால் இப்போது அது அவமதிப்பாகத் தோன்றிவிட்டது போலும். பின்வந்த ஆய்வாளர் சிலர் இதற்கு வேறு விளக்கங்களும் கூறியுள்ளனர். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பரிசோதனையில் கோபம் கொண்டது வெள்ளரி பெற்ற குரங்கு. திராட்சை பெற்ற குரங்கோ திராட்சையைத் தின்றது.

குழந்தைகளிடமும் இது போன்ற பரிசோதனை நடந்தது. பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப் முதலியோர் இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள 866 இணைக் குழந்தைகளை ஆராய்ந்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். இரு குழந்தைகள் எதிரெதிரே அமர்வார்கள். மிட்டாய் சமமாகவோ ஏற்றத்தாழ்வாகவோ பங்கிட்டு வைக்கப்படும். ஒரு குழந்தை மட்டும் அப்பங்கீட்டை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது.

தனக்குக் குறைவாகவும் எதிரே இருப்பவருக்கு அதிகமாகவும் வைக்கப்பட்ட பங்கீட்டை மறுக்கும் குணம் ஏழு நாடுகளிலும் காணப்பட்டது. ஆனால் தனக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் வைக்கப்பட்டதை 'இது சரியல்ல' என்று மறுக்கும் குணம் அமெரிக்கா, கனடா, உகாண்டா என்ற மூன்று நாடுகளில் மட்டுமே, அதுவும் சற்று வளர்ந்த பிள்ளைகளிடமே தெளிவாகக் காணப்பட்டது. இந்தியா அந்த மூன்றில் இல்லை. இதைக் கொண்டு நம் பிள்ளைகள் தன்னலம் மிக்கவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓரிடத்துக் குழந்தைகள் ஒரு விளையாட்டில் நடந்துகொண்ட முறை அது, அவ்வளவே. ஆயினும் அதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது.

நீதி உணர்வு இரண்டு பாதிகளால் ஆனது. 'எனக்குக் குறைத்துவிட்டார்கள்' என்பது முதற் பாதி. அது ஏறக்குறைய எல்லா மனிதரிடமும் இளமையிலேயே தோன்றிவிடுகிறது. 'எனக்குக் கூடிவிட்டது, இது முறையல்ல' என்பது இரண்டாம் பாதி. அது தானாக வருவதில்லை, வளர்க்க வளர்வது. முதற் பாதி மட்டும் உள்ளவன் நியாயம் கேட்பான். இரண்டும் உள்ளவனே நியாயம் செய்வான். அந்த இரண்டாம் பாதியை ஒரு சமுதாயம் எவ்வாறு வளர்க்கிறது? இதற்கு நம் சரித்திரத்தில் விடை தேடலாம்.

பசு அடித்த மணி

திருவாரூர்க் கோயிலுக்கு அருகே கல்லால் சமைத்த தேர் ஒன்று உண்டு. தேர்க்காலின் கீழே ஓர் இளைஞன் கிடக்கிறான். இது மனுநீதிச் சோழன் கதை என்பது நாம் அனைவரும் சிறு வயது முதல் அறிந்ததே. இளவரசன் வீதிவிடங்கனின் தேர்ச் சக்கரத்தில் பசுங்கன்று ஒன்று அகப்பட்டு இறக்க, தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்தது. இளவரசனைத் தேரால் கொல்லுமாறு பணிக்கப்பட்ட அமைச்சன் அது செய்ய மாட்டாமல் தன் உயிரையே மாய்த்துக்கொண்டான். பின்னர் மன்னனே தன் ஒரே மகன் மேல் தேரைச் செலுத்தினான். இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் அமைச்சனையும் எழுப்பித் தந்தான். கி.பி. 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இதனை விரித்துரைத்தார். அதற்கு முன்னரே சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமை கூறும் கண்ணகியின் வாயிலாக இக்கதை இடம்பெற்றுவிட்டது.

இதே கதை இலங்கையின் மகாவம்சத்திலும் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். கி.பி. 5 ஆம் நூற்றாண்டளவில் பௌத்த பிக்குகளால் பாலி மொழியில் எழுதப்பட்ட நூல் அது. சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சி செய்தான் என்றும், வழக்கு என்று வந்தால் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் அது கூறுகிறது. அவன் படுக்கையின் தலைமாட்டில் மணி. அதில் கட்டிய நீண்ட கயிறு வெளியே தொங்கும். நீதி வேண்டியவர் யாரும் இழுக்கலாம். கன்றைக் கொன்ற தன் மகனை அதே சக்கரத்தால் தண்டித்தான். மகாவம்சத்தில் இளவரசன் மீண்டும் உயிர் பெற்று எழவில்லை.

அந்நூல் கூறும் இன்னொரு நிகழ்ச்சி மேலும் சிந்திக்கத்தக்கது. எல்லாளன் பௌத்தன் அல்லன். ஒரு நாள் அவனது தேரின் நுகத்தடி பட்டு ஒரு பௌத்த தூபம் சிதைந்தது. மன்னன் உடனே தேரிலிருந்து இறங்கிப் பாதையில் படுத்து, சக்கரத்தைத் தன் மேல் ஏற்றிக் கழுத்தைத் துணிக்குமாறு கூறினான். பிறருக்குத் தீங்கு நேர்வதை எங்கள் ஆசான் விரும்பார், தூபத்தைச் செப்பனிட்டால் போதும் என்று சமாதானம் கூறப்பட்டது. பெயர்ந்த கற்கள் 15. அவற்றைச் சீர் செய்ய அவன் செலவிட்டது 15,000 காசு.

போரில் எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். அவ்விடத்தைக் கடக்கும் போது பிற்கால மன்னரும் வாத்தியங்களை நிறுத்தினர் என்று மகாவம்சம் சொல்கிறது. துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகக் கொண்ட நூல், அவன் வென்ற எதிரியின் நீதியை மறைக்காமல் எழுதி வைத்தது. தன் மகனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தவன் எல்லாளன். தன் தரப்புக்கு எதிரான உண்மையை ஏட்டில் ஏற்றியவர்கள் அந்தப் பிக்குகள். இரண்டும் நீதியின் இரண்டாம் பாதியே.

இக்கதைகள் அவ்வாறே நடந்தனவா என்று சரித்திர ஆசிரியர்கள் வாதிடலாம். பசு மணியை இழுக்குமா என்று குழந்தையும் கேட்கும். ஆனால் இரண்டு நாடுகளில், இரண்டு சமயத்தாரால், இரண்டு மொழிகளில் ஏறத்தாழ ஒரே கதை போற்றிக் காக்கப்பட்டதே ஒரு சரித்திரச் செய்தியாகும். நீதிமான் என்பவன் யார் என்ற கேள்விக்கு இரு சமுதாயமும் ஒரே விடை கண்டன. பகைவனைத் தண்டிக்க யாராலும் முடியும். வாய் பேசாத ஒரு பிராணி முறையிட்டாலும், தன் வீட்டுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்பவன் எவனோ அவனே நீதிமான். இந்தப் பாடத்தைத்தான் பாட்டிமார் இரவுச் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள்.

குடத்தில் போடாத ஓலைகள்

ஆனால் எல்லா ஊருக்கும் ஓர் எல்லாளன் கிடைப்பதில்லை. நல்லவர் வருவார் என்று காத்திராமல், சாதாரண மனிதரையும் நியாயமாக நடக்கச் செய்யும் ஏற்பாடுகளை நம்மவர் வகுத்தனர். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921 என்பர். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர்.

எவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்ற பட்டியலே இங்கு முக்கியமானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை இடலாகாது. அத்தோடு நிற்கவில்லை. அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மருமகன் என்று நெருங்கிய உறவினரையும் விலக்கினர். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் மறுபடி வரலாகாது. மனிதன் தன் உறவுக்குச் சாய்வான் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சபையாருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சாய்வை மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிடாமல் கல்லில் வெட்டித் தடுத்தனர்.

பெருமையோடு இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், குறித்த கல்வியும் உடைய ஆண்கள் பெயரே குடத்தில் விழுந்தது. உழுதவன் பெயரும் இல்லை, பெண்ணின் பெயரும் இல்லை. குடத்துக்குள் நீதி இருந்தது. குடத்துக்கு வெளியே இருந்தவர்களின் மணி ஒலிக்கவில்லை.

திறந்த கதவு

அந்த மணி ஒலிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1897 இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் சென்று வழிபட்டனர். அதை எதிர்த்து இராமநாதபுரம் மன்னர் வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. சட்டம், சாட்சி, வழக்கறிஞர், மேல்முறையீடு எல்லாம் முறைப்படி இருந்தன. பழைய வழக்கம் வென்றது. சட்டப் புத்தகத்திலிருந்துதான் நீதி உணர்வு பிறக்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர், பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய பி. கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் சந்நிதிக்குச் சென்றார். எதிர்ப்பு மூண்டது, அர்ச்சகருள் ஒரு பகுதியினர் பணி செய்ய மறுத்தனர், வழக்குகள் தொடுக்கப்பட்டன. இராஜாஜி தலைமையிலிருந்த சென்னை அரசு அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் கதவு திறந்தது. சட்டம் பின்னே வந்தது.

கக்கனும் அவருடன் சென்றவர்களும் கேட்டது முதற் பாதி நீதி. அது அவர்களது உரிமை. அதற்காக அவர்கள் காட்டிய துணிவு பெரிது. வைத்தியநாதய்யருக்கோ அந்தக் கதவு பிறந்த நாள் முதல் திறந்தே இருந்தது. தனக்குக் கிடைத்த திராட்சையைப் பிறருக்கும் கொடுக்காவிட்டால் அது தனக்கும் முறையல்ல என்று கருதியதே இரண்டாம் பாதி. அதற்காகத் தம் சமூகத்தாரின் ஏச்சை அவர் ஏற்றார்.

யாழ்ப்பாணத்திலும் இதே போராட்டம் நடந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்ட பின்பும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்ல உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. பெரும்பான்மையினரிடம் நியாயம் கேட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் கோயில் வாசலில் நியாயம் கேட்டு நின்றவர்களும் தமிழரே. வெள்ளரி கிடைத்த இடத்தில் நாம் உரக்கப் பேசினோம். திராட்சை கிடைத்த இடத்தில் நம்மில் பலர் வாய் திறக்கவில்லை.

விரியின் பெயர்

நாம் இன்று வாழும் மண்ணுக்கு வருவோம். நியூசிலாந்தில் தமிழர் பெருமையுடன் கூறும் பழம்பொருள் ஒன்று உண்டு. வாங்கரே அருகே மாவோரி மக்கள் கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரமொன்றை 1836 ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்ற சமயப் பணியாளர் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதில் பொறித்திருந்தது தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அதே கொலென்சோ 1840 பெப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் இருந்தார். மாவோரித் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்வந்த வேளையில், அதன் பொருளை அவர்கள் உண்மையிலேயே விளங்கிக்கொண்டார்களா என்று ஆளுநர் ஹாப்சனிடம் எழுந்து கேட்டவர் அவர்தான். அவர் கேள்வியால் கூட்டம் நிற்கவில்லை; கையெழுத்து நடந்தது. எனினும் ஆங்கிலேயர் தரப்பில் நின்றுகொண்டே மறுதரப்புக்காக ஒருவர் கேட்டார் என்பது பதிவாகியிருக்கிறது.

ஆக்லாந்தின் தெற்கே நம்மவர் பலர் வேலைக்குச் சென்று வரும் விரி என்ற பகுதி, தமிழ்க் காதுக்குத் தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கும். ஆனால் அது தே ஆகிடாய் வையோஹுவா மக்களின் தலைவர் தே விரிஹானா தாகானினியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய தந்தை இஹாகா தாகானினி அரசாங்கத்தின் கீழ்ப் பொறுப்பு வகித்தவர். 1863 ஜூலையில் வைக்காட்டோ மீது படையெடுக்கு முன், தென் ஆக்லாந்து மாவோரி மக்கள் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், இல்லையேல் ஊரை விட்டுத் தெற்கே போய்விட வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. இஹாகா குடும்பத்தோடு கைது செய்யப்பட்டார். வழக்கு விசாரணை நடக்கவில்லை. காவலில் அவர் உறவினர் சிலர் இறந்தனர். 1864 இல் ராக்கினோத் தீவில் அவரும் இறந்தார். அம்மக்களின் நிலம் பறிமுதலாயிற்று. அவர்களது எரிமலைகளுள் ஒன்றான விரி மலையின் பெரும்பகுதி பின்னர் கல்லாக உடைக்கப்பட்டுக் கரைந்தது. இன்று அப்பகுதியில் பண்டகசாலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நிற்கின்றன.

இந்த முறையீட்டுக்கு நெடுங்காலம் மணி இல்லை. 1975 இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் ஏற்படுத்தப்பட்டது. 1985 இல்தான் 1840 வரை பின்னோக்கிச் சென்று குறைகளைக் கேட்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. இடையில் 506 நாட்கள் பாஸ்டியன் பாயின்டில் குடியிருந்து உரிமை கோரிய ஓராகே மக்களில் 222 பேர் 1978 மே 25 அன்று கைதாயினர். 1987 இல் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை எடுத்துரைக்க, நிலம் திரும்பியது. தே ஆகிடாய் வையோஹுவா மக்களோடு அரசு செய்த உடன்படிக்கை 2021 இல் கையெழுத்தாயிற்று. அரசு தன் தவறுகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரும் வாசகமும் அதில் உண்டு. இழந்த நிலமெல்லாம் திரும்பவில்லை, இறந்தவர் எழவில்லை. ஆயினும் ஓர் அரசு, தான் இழைத்த தவறைத் தானே விசாரிக்க ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டது என்பது சிறிய செயல் அன்று. அரசுகள் மாறினாலும் அந்தக் கயிறு அறுபடாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவது இந்நாட்டுக் குடிகளான நம் கடமையும் ஆகும்.

நம் முன் உள்ள வினா

நம்மில் பலர் அநீதிக்குத் தப்பி இந்நாட்டுக்கு வந்தவர்கள். பலர் உழைத்து முன்னேற வந்தவர்கள். நமக்கு இழைக்கப்பட்டதைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை; பேசவும் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்தால் பாதி நீதியையே கொடுத்தவர்களாவோம். மனுநீதிச் சோழன் நாடகத்தை விழா மேடையில் நடிக்கும் பிள்ளை, பசுவின் துயரை விளங்கிக்கொள்வது எளிது. அந்தத் தேரில் ஏறிச் சென்றவன் யார், அவன் தந்தை ஏன் அவனுக்காகப் பரிந்து பேசவில்லை என்று அந்தப் பிள்ளையைக் கேட்க வைப்பதே கல்வி.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு. கோயிலும் சங்கமும் சிறு அரசுகளே. கணக்கு ஒழுங்காக வாசிக்கப்படுகிறதா, பொறுப்புகள் ஒரே உறவு வட்டத்தில் சுழல்கின்றனவா, பந்தியில் முதலில் உட்காருபவர் எப்போதும் ஒருவரேயா, எவர் ஓலை குடத்துக்குள் விழாமலே போகிறது என்பவை உத்திரமேரூர்ச் சபை கேட்ட கேள்விகள், நமக்கும் பொருந்தும். புதிதாக வந்த குடும்பமும், ஆங்கிலம் தெரியாத முதியவரும், தனியாக வாழும் பெண்ணும் இழுக்கக்கூடிய உயரத்தில் கயிறு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே.

நீதி உணர்வின் விதை பிறப்பிலேயே வருகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது நாம் சொல்லும் கதையும், நாம் வகுக்கும் விதியும், நமக்கு இலாபமான நேரத்தில் நாம் நடந்துகொள்ளும் முறையுமே ஆகும். பிள்ளைகள் இம்மூன்றையும் கவனிக்கிறார்கள். மூன்றாவதையே அதிகம் கவனிக்கிறார்கள்.